இடது இருக்கை

வண்டியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. நிவேதிதா காலை ஏழு மணிக்கே வேக்குவத்தைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். நான்கு வருஷக் குத்தகையில் ஒரு குடும்பம் ஒரு காருக்குள் எவ்வளவு குப்பை சேர்க்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பொரிகடலை, ஹேர்பின், ஒற்றைக் கொலுசுத் திருகாணி, மருதமலை விபூதி மடித்த காகிதங்கள் மட்டும் பதினேழு. கோயிலுக்குப் போன ஒவ்வொரு முறையும் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் மறந்து போயிருக்கிறார்கள்.

வடவள்ளியில் அந்தத் தெரு முழுக்க அந்த மாதம் இதே வேலைதான். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் குத்தகை முடிகிறது. கீறலுக்கு எந்த பாலிஷ், வாந்தி வாடைக்கு எந்தப் பொடி என்று காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு கத்திக் கத்தி யோசனை சொன்னார்கள். கேட்காமலேயே யோசனை சொல்வதில் கோயமுத்தூர்க்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் கீறலுக்காக ஒருவரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. ஒப்படைப்புத் துடைப்பாளர் சம்பத் பானெட்டைத் துணியால் தேய்த்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். நாற்பது வயசுக்காரர். இதுவரை எண்ணூறு வண்டிகளைச் சோதனைக்குத் தயார் செய்த கை அவருடையது.

"வெளியில பண்றதெல்லாம் சும்மா கண்துடைப்புங்க்கா. அவுங்க வண்டியப் பாக்கவா வர்றாங்க? வண்டி உங்களப் பாத்து வெச்சிருக்கறத படிக்க வர்றாங்க."

"அத நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குதுங்க சம்பத்."

"ஆறு மாசமா நாஞ் சொன்னபடி உக்காந்தீங்கல்ல? அப்பறம் என்ன. தைரியமா இருங்க்கா."

காருக்கு ஸ்டீயரிங் போய்ப் பல காலம் ஆகிறது. வண்டி தானாக ஓடும். வலது முன்னிருக்கையில் குடும்பத் தலைவர் உட்கார்ந்து போக வேண்டிய இடத்தைச் சொல்வார். சொல்ல எத்தனை நொடி ஆகிறது, குரல் தடுமாறுகிறதா, கை நடுங்குகிறதா, சொன்ன இடத்தை வழியில் மாற்றுகிறாரா என்று இருக்கை ஒவ்வொரு பயணத்திலும் குறித்துக்கொள்ளும். அதற்கு இருக்கைப்பதிவு என்று பெயர். ஜனங்களின் முகத்தை வண்டி படம் பிடிக்கக் கூடாது, குரலை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது என்று ஒரு காலத்தில் பெரிய போராட்டம் நடந்து சட்டம் வந்திருந்தது. முகம் தெரியாத வண்டிக்கு இருக்கைதான் ஆள். வலது இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அது நிவேதிதாவின் கணவர் லோகேஸ்வரன். இடது இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அது நிவேதிதா.

பதிவு தேறாதவருக்கு அடுத்த குத்தகை கிடையாது. முன்பென்றால் நடந்தாவது போயிருக்கலாம். சாலைகளை முழுதாக வண்டிகளுக்கே எழுதிக் கொடுத்த பிறகு நடப்பது குற்றமாகிவிட்டது. வீட்டு கேட்டே பதிவு உள்ள ஆளுக்காக வண்டி வந்து நின்றால்தான் திறக்கும். அரிசியும் மாத்திரையும் பறக்கும் கூடையில் மாடிக்கு வந்துவிடும். யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் யாரையும் அடைத்து வைக்கவில்லை. 'வீட்டோடு' என்று ஒரு வகை, அவ்வளவுதான். எதிர்வீட்டு மோகனசுந்தரம் போன குத்தகை முடிந்ததிலிருந்து, நான்கு வருஷமாக வீட்டோடு. ஆரம்பத்தில் ஜன்னலில் நின்று கையாட்டுவார். இப்போது அந்த ஜன்னலில் திரை மட்டும்தான்.

லோகேஸ்வரன் பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர். போன வருஷம் ஒருநாள் வண்டி "எங்கே போக வேண்டும்?" என்று கேட்க, மனிதர் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்கறி வாங்க அவர்கள் வாராவாரம் போகிற சந்தையின் பெயர் அவருக்கு வரவில்லை. பதினொரு நொடி. நிவேதிதா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நொடியாக எண்ணினாள். அந்தப் பதினொரு நொடியில் அவளுக்கு மோகனசுந்தரத்தின் ஜன்னல் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் சம்பத் அந்த வழியைச் சொன்னார். இடம் மாறி உட்காருங்கள். கடைசி ஆறு மாதப் பதிவுக்குத்தான் மதிப்பெண் அதிகம். தலைவர் இருக்கையைத்தான் படிக்கிறார்கள், பக்கத்துச் சீட்டை யாரும் சீந்துவதில்லை. போன குத்தகை முடிந்தபோது தெருவில் பாதிப் பேர் இதைச் செய்துதான் தேறியிருந்தார்கள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக அவர் சார்பில் பதில் சொல்லியே பழகியவள் நிவேதிதா. பேங்க்கிலும் ஆஸ்பத்திரியிலும் "அவருக்கு என்ன வேணும்னு நான் சொல்றேனுங்க" என்று முந்திக்கொள்கிறவள். கணவனின் இருக்கையில் உட்கார்ந்து கணவனாகப் பேசுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. அவர் இடது பக்கம் உட்கார்ந்து, வண்டி "வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டால் தலையாட்டுவார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பார். பிறகு கேட்பார்: "நாம எங்க போறோம்?"

சோதனைக்குக் கீர்த்தனா என்ற பெண் வந்தாள். நல்ல பிள்ளை, செருப்பை வாசலில் விட்டாள், தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். கதவு, டயர், கண்ணாடி எல்லாவற்றையும் இரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்துவிட்டாள். பின் சோப்பு டப்பா அளவில் ஒரு வாசிப்பானை டேஷ்போர்டில் ஒட்டினாள். பன்னிரண்டு நிமிஷம் ஆகும் என்றாள். நிவேதிதாவும் லோகேஸ்வரனும் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

நிவேதிதா மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். வரும் ஞாயிறு பொள்ளாச்சியில் மகள் மகிழினிக்கு வளைகாப்பு. குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு எங்கேயும் நகரக் கூடாது என்று டாக்டர் அவளுக்குச் சொல்லியிருந்தார். லோகேஸ்வரன் வீட்டோடு ஆகிவிட்டால் அவரைத் தனியே விட்டுவிட்டுத் தானும் போக முடியாது. பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வாசிப்பான் பச்சையாக ஒளிர்ந்தது.

"சார் பதிவு ரொம்ப நல்லா இருக்குங்க. நடுவுல கொஞ்சம் இறங்கி, கடைசி ஆறு மாசத்துல பிரமாதமா ஏறியிருக்கு. முதல் நிலை. வாழ்த்துக்கள் சார்."

நிவேதிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போன நிம்மதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரு கண்ணு, காப்பி போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

"இல்லீங்கம்மா, உக்காருங்க. உங்க பதிவு இன்னும் சொல்லல."

"என்னோடதா? நான் தலைவர் இல்லியே."

"போன ஒப்பந்தத்துல கிடையாதுங்க. இதுல உடன்வாசியையும், அதாவது பக்கத்துச் சீட்டுல வர்றவங்களையும் சேத்துட்டோம். பக்கம் நாப்பத்தொண்ணு." கீர்த்தனா திரையைத் திருப்பிக் காட்டினாள். கீழே நிவேதிதாவின் கையெழுத்து இருந்தது. நூற்றிப் பத்துப் பக்கத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. "மூணரை வருசம் உங்க பதிவுல ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த ஆறு மாசத்துல எழுபது பயணம் போயிருக்கீங்க. முந்நூத்திப் பன்னெண்டு தடவ 'எங்க போறோம்'னு கேட்டிருக்கீங்க. ரெண்டு தடவ ஓடற வண்டியில கதவைத் திறக்கப் பாத்திருக்கீங்க. கஷ்டமாத்தான் இருக்குது. உங்கள வீட்டோடு வகையில போட வேண்டியிருக்குதுங்கம்மா."

கதவைத் திறக்கப் பார்த்தது நிவேதிதாவுக்கே புதுச் செய்தி. அவள் கணவனைப் பார்த்தாள். லோகேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சில சமயம் அவருக்கு அப்படித் தெளிவு வரும், பழைய ஆளாக. அது இப்போதுதானா வர வேண்டும்?

"அம்மிணி, அது அவ இல்ல. அந்தச் சீட்டுல உக்காந்தது நாந்தான். நாங்க மாறி மாறி..."

கீர்த்தனாவின் விரல் திரைமேல் அப்படியே நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு குறையவில்லை, ஆனால் குரல் மாறியது. "இடம் மாறி உக்காந்தா பதிவு மோசடிங்க சார். ரெண்டு பேருமே ஆயுசுக்கும் வீட்டோடுதான். நெசமாவே அப்படி நடந்துச்சா?"

நிவேதிதா யோசிக்கவே இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"அவருக்கு எம்மேல அவ்வளவு பாசம் கண்ணு. எனக்கு ஒண்ணுன்னா பழியைத் தம்மேல போட்டுக்குவாரு. கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தான்." சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். எலும்பு வலிக்கும் அழுத்தம்.

கீர்த்தனா இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்று சொல்லி, பதிவை முடித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நிவேதிதா பளபளவென்று துடைத்து வைத்திருந்த வண்டி தானாகப் பின்வாங்கித் தெருவுக்கு இறங்கியது. கேட் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை புது வண்டி வந்தது. ஒருவர் பதிவுக்கான வண்டி. வலப்பக்கம் ஓர் இருக்கை, இடப்பக்கம் சாமான் வைக்கும் பலகை.

ஞாயிறு காலை நிவேதிதா அவருக்குப் பட்டுக் கரை வேட்டி கட்டிவிட்டாள். வளையல் பெட்டியைப் பலகையில் வைத்தாள். இரண்டு நாளாக அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை. வண்டி கேட்கும். பொள்ளாச்சி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மகிழினி வாசலிலேயே ஆள் நிறுத்தியிருப்பாள். தான் வீட்டிலேயே இருந்தாலும் பரவாயில்லை, இவர் மகளைப் பார்த்துவிட்டு வரட்டும், இன்னும் நான்கு வருஷம் வெளிக்காற்றை வாங்கட்டும் என்று அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அவள் வெகுவாகத் தேறியும் இருந்தாள்.

"எங்கே போக வேண்டும்?" என்றது வண்டி.

"பொள்ளாச்சி" என்றார் லோகேஸ்வரன், கணீரென்று. இரண்டே நொடி. கேட்டுக்கு உட்புறம் நின்றிருந்த நிவேதிதாவுக்குப் பெருமையாக இருந்தது. கேட் திறந்தது.

"கொஞ்சம் நில்லு, என் சம்சாரம் வரோணும்" என்றார் அடுத்து.

வண்டி நகரத் தொடங்கியது.

"நில்லுன்னு சொல்றனல்ல? அவ இன்னும் ஏறல. நிவி! ஏன் அங்கியே நிக்கற? வந்து ஏறு!"

கேட் மூடிக்கொண்டது. கம்பிகளுக்கு அப்பால் அவர் எழுந்திருக்கப் பார்ப்பது தெரிந்தது. வலது கை கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. இருக்கை இதையெல்லாம் குறித்துக்கொள்ளும். குரல் உயர்ந்தது, கை நடுங்கியது, சொன்னதை மாற்றியது. புது ஒப்பந்தத்தின் முதல் நிமிஷத்திலேயே. நிவேதிதா கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"பேசாதீங்க! பேசாம உக்காருங்க! ஒண்ணும் பேசாதீங்க!"

அவர் தட்டுவதை நிறுத்தினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. சபையில் வைத்துத் திட்டு வாங்கிய மனிதரின் முகத்தோடு, மெல்ல உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு இந்தக் கோபம் என்று அவருக்கு விளங்கவில்லை, வழியில் யாரும் சொல்லப்போவதுமில்லை. வண்டி திருப்பத்தில் மறைந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை லேசாக விலகி, ஒரு கை அவளைப் பார்த்து ஆடியது.