பங்காளித் தீட்டு

விடிந்து வெகுநேரமாகியும் சுவருக்கு அந்தப் பக்கம் கிழவரின் இருமல் கேட்கவில்லை. சுசீலா இரண்டு முறை சுவரைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை.

ஒரே வீடுதான். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் அவள் மாமனாரின் தம்பி கஜபதியும், அவர் மகன் கலியமூர்த்தியின் குடும்பமும். அறுபத்தைந்தாம் வருஷம் அந்த அண்ணன் தம்பியின் தகப்பன் செத்தபோது, மூத்தவர் ஆவடியில் ஷிப்ட் முடிந்து மண்ணூர்பேட்டைக்கு ஓடி வருவதற்குள் இளையவர் கொள்ளி வைத்துவிட்டார். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை; வீட்டுப் பெண்கள் மட்டும் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். மூத்தவர் சாகும்போது தன் மகன் கோவிந்தராஜின் கையைப் பிடித்து, அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். பாதி வீட்டோடு பகையையும் பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போன மனிதர்! கோவிந்தராஜ் வீட்டுக்கு வெள்ளையடிக்க மறப்பான், பகையை மறக்க மாட்டான்.

சுசீலா அவன் மனைவி. இன்று சாயங்காலம் திரௌபதியம்மன் கோயிலில் தீமிதி. போன வருஷம் மூளைக்காய்ச்சலில் கிடந்த ஆறு வயது மகள் தேவகி பிழைத்தால் தன் புருஷன் தீ மிதிப்பான் என்று நேர்ந்துகொண்டவள் அவள்தான். பத்து நாளாக அவன் கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே இருக்கிறான்.

பின்வாசலில் நிழல் ஆடியது. கலியமூர்த்தியின் மனைவி புஷ்பா, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா... செவுத்த தட்டாத. மாமா பூட்டாரு. விடிகாலைல.”

சுசீலா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊர்ல யார்க்கும் தெரியாது. ராத்திரியே சொல்லிட்டாரு. நான் பூட்டா, பெரியவன் தீ மிதிச்சி முடிக்கிற வரைக்கும் யாரும் அழக்கூடாது, கொழந்தைக்கு நேந்துகினது நின்னுபூடும்னு... எங்க ஊட்டுக்காரரு கதவ சாத்திகினு உக்காந்துகினு கீறாரு. நீ இன்னொரு தபா தட்டினா வெடிச்சி அழுதுடுவாரு. அதான் வந்தேன்.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சுசீலா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு; காப்பை அவிழ்த்துவிட வேண்டும். தீட்டோடு நெருப்பில் இறங்கினால்? போன வருஷம் குழிக்குள் ஒருவன் தடுக்கி விழுந்து முழங்கால் வரை வெந்துபோய் அலறியது இன்னும் அவள் காதில் இருந்தது. சரி, சொல்லிவிட்டால்? வேண்டுதல் நின்றுபோகும். அம்மன் கொடுத்த பிள்ளையை அம்மனே திருப்பிக் கேட்டால் என்ன செய்வாள்? தேவகி தட்டைத் தள்ளிவிட்டு, “சோறு வாணாம்மா” என்றதற்கே அவளுக்கு உயிர் போய்விட்டது. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குப் பம்பை ஒலி கேட்டதும் அவளால் முடியவில்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

குழியில் தணலைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்றும் முகம் காந்தியது. மஞ்சள் வேட்டியோடு வந்த கோவிந்தராஜிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

“அந்தாளு செத்தா எனக்கு இன்னா? எங்கப்பன் அன்னிக்கே தல முழுகிட்டாரு. எனக்குத் தீட்டு ஒட்டாது. பெத்த பொண்ண விட அந்த ஊட்டு மேல ஒனக்குப் பாசம் வந்துட்சா?”

சுசீலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நேந்துகினது நானு மாமா. நீ எறங்கினா நெருப்பு உன்ன சும்மா உடுமான்னு பயமா கீது. எறங்கலன்னா பொண்ண அம்மன் எடுத்துக்குவாளோன்னு பயமா கீது. ஆனா அவங்க காலைலேந்து பொணத்த வெச்சிகினு அழாம கீறாங்க... நம்ப பொண்ணுக்காக. அத மறச்சிட்டு அம்மன் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?”

பூசாரி நாகேந்திரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் கோபப்படவில்லை. தட்டில் கற்பூரத்தை ஏற்றிக் கோவிந்தராஜின் முன் நீட்டினார்.

“கஜபதி எனக்குப் பங்காளி இல்ல, எங்க ரத்தம் இல்லன்னு கற்பூரத்த அடிச்சி அணை. அணைச்சிட்டு எறங்கு, நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் சொல்றேன். காலைல படுகளத்துல எதிரி சாஞ்சதும் அம்மா கூந்தல முடிஞ்சிட்டா. அவ பகை அத்தோட தீந்துது. அப்புறந்தான் அவ தீயில எறங்குறா. ஒனக்குத் தீந்துதா?”

கோவிந்தராஜ் கையை ஓங்கினான். பூச்சுற்றிய கொண்டையோடு அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. கற்பூரம் தானாக எரிந்து அடங்கிற்று.

“வாய் வரல சாமி” என்றான். “என் பொண்ணுக்காக அழாம கெடக்குறவங்கள யாரோன்னு எப்டி சொல்றது?”

காப்பை அவனே அவிழ்த்தான். நாகேந்திரன் அதை வாங்கிக்கொண்டார். “வேண்டுதல் எங்கியும் பூடாது. அடுத்த வருசம் அவளே கூப்டுவா. போ.”

கோவிந்தராஜ் விறுவிறுவென்று நடந்தான். சுசீலா பிள்ளையோடு பின்னால் வந்தாள். கஜபதியின் வாசலில் அவன் நின்றான். வாசற்படியைப் பார்த்தபடி, “அப்பா, என்ன மன்னிச்சிடு... இந்தப் பகைய உன் பேரப்புள்ளைங்க வரைக்கும் தூக்க என்னால ஆவாது” என்று முணுமுணுத்துவிட்டுக் காலை உள்ளே வைத்தான்.

உள்ளே பாயில் கஜபதி கிடந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி வாயில் துண்டை அடைத்திருந்தான். மஞ்சள் வேட்டியைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

“அண்ணாத்தே... ஏன் வந்த? மணி ஆவலியே. கொழந்தைக்கு எதுனா ஆயிடப் போவுது, போ... நாங்க அழல, ஒருத்தரும் அழல.”

கோவிந்தராஜ் தடாலென்று விழுந்து கிழவரின் காலைக் கட்டிக்கொண்டான்.

“சித்தப்பா...”

அந்த வீட்டில் அன்றைக்கு எழுந்த முதல் அழுகை அவனுடையதுதான். அடுத்த நொடி கலியமூர்த்தி அவன் முதுகின் மேல் விழுந்து கதறினான். தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

புஷ்பா மட்டும் அடுப்படி மூலையில் விறைத்து நின்றாள். அவள் கண் தேவகியின் மேலேயே இருந்தது. சுசீலா போய் அவள் வாயிலிருந்த முந்தானையை மெல்ல உருவினாள்.

“கொழந்தைய அம்மன் பாத்துக்குவா. நீ அழுடி...”