சாதாரணப் பாத்தியின் மூச்சு

அன்று ஆய்வுத் தோட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: என் இளைய மகன், அவனுடைய மேலதிகாரி அம்மாள், என் பேத்தி வாலு, நான். வேறு யாரும் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

மண்ணும் மூச்சு விடும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மண்ணிலுள்ள மட்கிய இலைகளைத் தின்று கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. பூமி சூடானால் அந்த மூச்சு எவ்வளவு கூடும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் மகனின் வேலை.

அதற்காக இரண்டு பாத்திகள் வைத்திருந்தான். ஒன்றின் அடியில் மின்கம்பி ஓட்டிச் சூடாக்கியிருந்தான். மற்றது சாதாரணப் பாத்தி. கண்ணாடி மூடியைக் கவிழ்த்தால், உள்ளே சேரும் வாயுவைக் கருவி காட்டும்.

சூடான பாத்திதான் அதிகம் காட்ட வேண்டும். ஆனால் பல நாட்களாகச் சாதாரணப் பாத்தியே முந்திக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் இப்படி வந்தா, ஆய்வை நிறுத்திட வேண்டியதுதான் தம்பி," என்று சொல்லிவிட்டு மேலதிகாரி தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

என் மகனின் முகம் சுண்டிப்போனது. சாதாரணப் பாத்தியருகே குனிந்தான். மேலே இருந்த மரத்திலிருந்து மூடியின் விளிம்பில் இலைத்தூள் விழுந்திருந்தது. 'ஃபூ, ஃபூ' என்று ஊதிவிட்டு, சட்டென்று மூடியைக் கவிழ்த்தான்.

வாலு அவன் சட்டையை இழுத்தாள்.

"சித்தப்பா, சூடான பாத்தில மட்டும் ஏன் ஊதல?"

"அங்க மரம் இல்லையேம்மா. குப்பை விழாது."

"நம்ம மூச்சுல என்ன வாயு வரும்?"

அவன் வாயைப் பிளந்தான்.

"வாய மூடுங்க சித்தப்பா. இன்னும் வருது."

பையிலிருந்து தன் ஓவியத் தூரிகையை எடுத்து நீட்டினாள். "இதால தட்டுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவன் மூடியைத் தூக்கிக் காற்றாட விட்டான். தூரிகையால் விளிம்பைத் துடைத்தான். மறுபடி இரண்டு பாத்திகளையும் அளந்தான். இம்முறை சூடான பாத்தி முந்தியது.

மேலதிகாரி திரும்பி வந்தார். "என்ன தம்பி செஞ்சீங்க?"

வாலு வானத்தைப் பார்த்தாள். என் மகன் நிமிர்ந்து நின்றான்.

"நான்தான் ஊதிக் கெடுத்திருக்கேன் மேடம். பழைய அளவெல்லாம் செல்லாது. முதல்லேருந்து அளக்கணும். கண்டுபிடிச்சது இவதான்."

"அப்போ இத்தன நாள் உங்களையா அளந்தோம்?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, அளங்க. தூரிகையைத் திருப்பிக் குடுத்துடாதீங்க."

"அது என்னுது," என்றாள் வாலு.

மேலதிகாரி திரும்பி வருவதற்குள் நாங்கள் அளவைத் திருத்தி எழுதிவிட்டோம் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எங்கள் வீட்டில் யாரும் எதையும் திருத்தி எழுதவில்லை. என் மகன் ஊதுவதை நிறுத்தினான். அவ்வளவுதான்.