பூஜ்யத்துக்குக் குறி!

"ஐயோ...!"

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் கிளம்பிய அலறல் மூன்று மாடி ஏறி வெளியே வந்தது.

அலறியவர் நூலகர். தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகளில் இரண்டைப் பிரிக்க, எப்போதும் போலச் சக்கரத்தைச் சுழற்றியிருந்தார்.

அலமாரிகள் விலகின.

நடுவில் நின்றபடியே நசுங்கிப் போயிருந்த மனிதர்... மெல்லச் சரிந்து அவர் காலடியில் விழுந்தார்!

இன்ஸ்பெக்டர் வந்து குனிந்து பார்த்தாள். விலா எலும்பு ஒன்று சட்டையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கன்னத்தில் தடித்த அகராதி ஒன்றின் முதுகு அப்படியே பதிந்திருந்தது.

"யாருய்யா இவரு?"

"வரலாற்று வாத்தியார், மேடம்," என்றார் ஏட்டு. "மூணாவது பொணம். பேசாம நம்ம ஸ்டேஷனையே இங்க மாத்திடலாம்."

"வாயை மூடுய்யா!"

ஆனால் ஏட்டு சொன்னது பொய்யில்லை. முதலில் வேதியியல் ஆசிரியர்... ஆய்வுக்கூடத் தொட்டியில் அமிலத்துக்குள் முகம் குப்புற. அடுத்து பொருளாதார ஆசிரியர்... லிஃப்ட் வராத லிஃப்ட் குழிக்குள் தலைகீழாக. இப்போது இவர்.

வாசலில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே ஒரு குரல்.

"ரேங்க்காம் ரேங்க்! வாத்தியாரை எல்லாம் பந்தயக் குதிரையா ஆக்கினீங்க! இப்ப ஒவ்வொருத்தரா செத்து விழறோம்! போலீஸ் என்ன, எங்க காதுல பூ சுத்துதா?"

ஆசிரியர் சங்கத் தலைவர். வளாகத்தில் அவருக்குப் பெயர் 'மைக்'. கையில் கிடைத்தால் விடமாட்டார்.

"சார், மைக் இல்லாமலேயே நல்லாக் கேக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். இன்ஸ்பெக்டரின் சொந்த அக்கா. அம்மா போன பிறகு இவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். இங்கே கணித ஆசிரியை.

"ஏண்டி... இவரு நேத்து எங்கூட உக்காந்து காபி குடிச்சாருடி..."

"அக்கா, நேரா வீட்டுக்குப் போ."

"எனக்கு க்ளாஸ் இருக்கு."

"பொணம் விழுந்துட்டிருக்கு!"

"நுண்கணிதம் பொணத்துக்காக நிக்காதுடி!" மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பிடிவாதம். குடும்பச் சொத்து!

*

தரவரிசைப் பிரிவு. சுவர் முழுக்க ஒரு திரை. திரையில் ஒரே ஒரு எண், போன வருட ரேங்க் : 104.

அதன் கீழே ஓர் ஒல்லி மனிதர். பிரிவின் இயக்குநர். பட்டப் பெயர் 'சதவீதம்'.

"செத்த மூணு பேருக்கும் என்ன சார் ஒத்துமை?"

"எனக்குத் தெரியாது, மேடம். நூறு சதவீதம் தெரியாது."

இன்ஸ்பெக்டர் மேஜையைச் சுற்றி வந்தாள். அவருடைய கழுத்துப் பட்டையைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கினாள்.

"இப்ப எத்தனை சதவீதம்?"

"விடுங்க... சொல்லிடறேன்! மூணு பேரும் பூஜ்யம்!"

"என்னது?"

"ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணு கூட எழுதாதவங்க. உலகத் தரவரிசை எப்படிப் போடறாங்க தெரியுமா? யார் எத்தனை கட்டுரை எழுதினாங்க, அதை மத்தவங்க எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்க... எல்லாத்தையும் கூட்டி, மொத்த ஆசிரியர் எண்ணிக்கையால வகுப்பாங்க. தலைக்கு எத்தனைங்கறதுதான் கணக்கு."

"அதனால?"

"கட்டுரையைக் கூட்டினா ரேங்க் ஏறும். இல்லன்னா..." திரையைக் காட்டினார். "தலையைக் குறைச்சாலும் ஏறும்."

இன்ஸ்பெக்டரின் பிடி தளர்ந்தது.

எழுதாத தலையாகப் பார்த்து எடுக்கிறான்!

"தலையை எப்ப எண்ணுவாங்க?"

"நாளைக்கு. நூறுக்குள்ள வரணும்னா இன்னும் ஒரு பூஜ்யம் போகணும்."

"இந்தக் கணக்கு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்! ஆசிரியர் கூட்டத்துல நானே போட்டுக் காட்டினேன். தமாஷாத்தான் சொன்னேன்... 'நாலு பூஜ்யம் ராஜினாமா பண்ணினா நாம நூறுக்குள்ள'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, மேடம்!"

ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை.

"மிச்சம் இருக்கிற பூஜ்யம் எத்தனை பேர்?"

சதவீதம் தரையைப் பார்த்தார்.

"ஒரே ஒருத்தங்க. உங்க அக்கா."

*

செல்போன் அதே நேரம் பார்த்து அலறியது. அக்கா!

"ஏண்டி, இரங்கல் கூட்டம்னு புள்ளைங்களை எல்லாம் மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. இங்க காலி பெஞ்சுக்கு நான் பாடம் எடுத்துட்டிருக்கேன்..."

"அக்கா! கதவைத் தாழ்ப்பாள் போடு!"

"எதுக்குடி? யாரோ பையன் வரான். டேய், க்ளாஸுக்குள்ள என்னடா ஹெல்மெட்... ஏய்! கைல என்னடா அது?"

மரம் பிளக்கும் ஓசை.

அக்காவின் அலறல்!

இன்ஸ்பெக்டர் ஓடினாள். காதில் போன். கையில் துப்பாக்கி. புல்வெளி, சைக்கிள் நிறுத்தம், மீண்டும் புல்வெளி... கணிதக் கட்டடம் எட்டாத தூரத்தில் நின்றது. மைதானத்து ஒலிபெருக்கியில் மைக்கின் குரல் தழுதழுத்தது. "நம் அருமைச் சகோதரர்கள்... எண்ணிக்கைக்குப் பலியானவர்கள்..."

போனில் இன்னொரு அடி. கண்ணாடி சிதறியது. அக்காவின் மூச்சு நாய் இரைப்பது போல இரைந்தது.

"வேண்டாம்பா... நான் உனக்கு என்ன பண்ணேன்?"

இரும்பு தரையில் உரசியது. நெருங்கியது.

"கிட்ட வராத! நான்... நான் பூஜ்யம் இல்லை!" அக்கா கத்தினாள். எங்கிருந்து தோன்றியதோ! "என் கட்டுரையை நேத்துதான் ஏத்துக்கிட்டாங்க!"

உரசல் நின்றது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அமுங்கிய குரல் ஒன்று கேட்டது.

"எந்த ஜர்னல்?"

படிக்கட்டில் தாவிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்கே கால் தடுமாறியது. கொல்ல வந்த இடத்தில் என்ன கேள்வி இது!

"அது... வெளிநாட்டு ஜர்னல்."

"தாக்கக் குறியீடு எவ்வளவு?"

தொட்டதை விடாத தொழில் புத்தி! எந்தக் கட்டுரை என்றாலும், மேற்கோள்களை வைத்து ஜர்னலுக்குப் போடும் இந்த மதிப்பெண்ணைக் கேட்காமல் இவர்களால் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்க முடியாது.

"நா... நாப்பத்தஞ்சு!" என்றாள் அக்கா.

"பொய்! கணித ஜர்னலுக்கு ஏதுடி நாப்பத்தஞ்சு? அஞ்சைத் தாண்டினாலே அதிசயம்!"

கம்பி காற்றைக் கிழித்தது... சத்!

கதவை உதைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே விழுந்தாள்.

அடி அக்காவின் தோளில் இறங்கியிருந்தது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியவன் திரும்பினான். கம்பியை வீசினான். இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில் மோதியது. துப்பாக்கி பெஞ்சுகளுக்கு அடியில் சறுக்கிப் போய் மறைந்தது.

பாய்ந்தான். கம்பியைப் பொறுக்கி அவள் கழுத்துக்குக் குறுக்கே வைத்துக் கரும்பலகையோடு சேர்த்து அழுத்தினான். அவள் முழங்காலால் வயிற்றில் இடித்தாள். அவன் அசையவில்லை. கண்கள் பிதுங்கின. நாக்கு வெளியே வந்தது. உலகம் கறுத்துக்கொண்டே வந்தது...

"என் தங்கச்சியை விடுடா!"

மேலும் கீழும் நகரும் இரட்டைப் பலகை அது. அக்கா ஒரே கையால் கயிற்றைப் பிடித்தாள். உடம்பின் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள்.

மேல் பலகை வெட்டுக்கத்தி போல இறங்கியது!

அவனது முன்கை, பலகைக்கும் சாக்பீஸ் விளிம்புக்கும் நடுவே.

'மளுக்!'

அவன் போட்ட கூச்சலில் ஜன்னல் புறாக்கள் பறந்தன. முழங்கைக்குக் கீழே, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மடிப்பு. சட்டைக்கை வழியாக ரத்தம் சாக்பீஸ் தூளில் சொட்டிச் சேறானது.

இன்ஸ்பெக்டர் இருமி இருமி மூச்சைப் பிடித்தாள். பிறகு ஹெல்மெட்டைப் பிடுங்கினாள்.

மைக்!

"நீயா?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்ப... மைதானத்துல பேசறது?"

ஒலிபெருக்கியில் அதே குரல் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"பதிவு பண்ணது," என்று முனகினான். "எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்கறாங்க. மேடையை எவன் பாப்பான்?"

"ரேங்க் வேணாம்னு தொண்டை கிழியக் கத்தினியேடா!"

"கத்தினாத்தானே என் மேல சந்தேகம் வராது? நூறுக்குள்ள வந்தா... அடுத்த துணைவேந்தர் நான்தான்னு வாக்குக் குடுத்தாங்க."

"யார் குடுத்தது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கதவருகே செருமல் சத்தம். துணைவேந்தர். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏட்டு.

துணைவேந்தர் ஒடிந்த கையைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஏதோ ஊக்கப்படுத்தறதுக்காகச் சொன்னேன், இன்ஸ்பெக்டர். அதுக்காகக் கொலை பண்ணுவான்னு கண்டனா? படுபாவி!"

பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சின்ன உதவி. இவனோட கைது, பணிநீக்கம் எல்லாத்தையும் இன்னைக்கே முடிச்சிடலாமா? நாளைக்குத் தலை எண்ணறாங்க. இவனும் பெரிசா ஒண்ணும் எழுதினவன் இல்லை. ஒரு தலை குறைஞ்சா நாம சரியா நூறு..."

அக்கா வலியை மறந்து அவரையே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஏட்டின் இடுப்பிலிருந்து கைவிலங்கை உருவினாள். துணைவேந்தரின் மணிக்கட்டில் மாட்டி, 'க்ளிக்' என்று பூட்டினாள்.

"ஒண்ணு எதுக்கு சார்? ரெண்டாக் குறைச்சுத் தரேன்... தொண்ணூத்தொம்பதுக்கே போயிடலாம்!"