நாக்கு நீட்டிய பூதம்

சுண்டுவின் அம்மா நாட்டுப்புறக் கதைகளைப் பீங்கானில் செய்கிறவர். அவர் செய்த தேநீர்க் கோப்பையின் பிடியில் திருட்டு நரி தொங்கும். சர்க்கரைக் கிண்ணத்து மூடியில் ஏமாந்த கரடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்.

இந்த முறை, ஒரே மூச்சில் ஏரியைக் குடித்த பூதம்! தொந்திதான் தண்ணீர் ஜாடி. திறந்த வாய் வழியே ஊற்ற வேண்டும். நூலகத்தின் சிறுவர் அறைக்கு இப்படி ஆறு ஜாடிகள் வேண்டுமாம்.

மாதிரிக்குச் செய்த இரண்டு பூதங்கள் சூளையிலேயே விரிசல் விட்டன. மூன்றாவதுதான் பால் வெள்ளையாக, காதோரம் நீலப் பூச்சோடு, முழுசாக வெளியே வந்தது.

"ஊத்திப் பாருங்க!" என்றார் அம்மா. அவர் கண் அப்பாவின் முகத்தை விட்டு நகரவில்லை.

அப்பா ஊற்றினார். பாதித் தண்ணீர் டம்ளருக்குள் போனது. மீதி பூதத்தின் தாடையில் வழிந்து மேசையில் குளம் கட்டியது.

"பிரமாதம்!" என்ற அப்பா, முழங்கையால் குளத்தை மறைத்தார். சட்டைக் கை தொப்பலாக நனைந்தது.

அம்மா நகர்ந்ததும் சுண்டு கிசுகிசுத்தாள். "அப்பா, பூதம் ஜொள்ளு விடுதுப்பா!"

"ஷ்! மூணு வாரமா பாடுபட்டிருக்கா. வாயைத் திறக்காதே."

சுண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. நூலகத்தில் புத்தகமெல்லாம் நனைந்தால் அம்மாவின் முகம் என்ன ஆகும்?

சமையலறைக்குப் போனாள். கெட்டிலிலிருந்து ஊற்றிப் பார்த்தாள், சிந்தவில்லை. அதன் மூக்கு விளிம்பு மெல்லியது. பூதத்தின் உதடோ தலையணை மாதிரி தடிமன். தண்ணீர் அதையே பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

கொஞ்சம் களிமண் எடுத்தாள். நுனி மெல்லியதாக ஒரு நாக்கு செய்து, பூதத்தின் வாயில் ஒட்டி ஊற்றினாள். தண்ணீர் கம்பி போல நேராக விழுந்தது!

"அம்மா, கொஞ்சம் வாயேன்!"

அம்மா வந்தார். பின்னாலேயே அப்பாவும்.

"பூதம் ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா ஜொள்ளு விடுது. நாக்கை நீட்டினா விடலை. பாரு."

அப்பா கூரையைப் பார்த்தார்.

அம்மா தானே ஊற்றிப் பார்த்தார். நாக்கை எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏரியையே குடிச்சவன் கடைசிச் சொட்டை நக்காம விடுவானா? எனக்கு இது தோணலையே! நீங்க ஏங்க சொல்லலை?"

அப்பா நனைந்த சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பலகையில் நூலகத்துக்கான ஆறு பூதங்கள் இன்னும் சுடாமல் ஈரமாக இருந்தன. அம்மா ஒவ்வொன்றுக்கும் நாக்கு வைத்தார். ஒன்று பழிப்புக் காட்டியது. ஒன்று வெட்கப்பட்டு ஓரமாக வளைந்தது. ஒன்றுக்கு அப்படியொரு தாகம்! ஆறு நாக்கில் ஆறு குணம். சுண்டு இமைக்காமல் பார்த்தாள்.

நூலகத்தில் ஜாடிகளை வைத்த அன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பூதத்துக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அன்று யாருக்குமே ஒரு டம்ளரோடு தாகம் தீரவில்லை.