ஆள்காட்டி கத்தாத ஏரி

அன்று ஆள்காட்டிக் குருவி கத்தவில்லை. இன்னாசிராஜ் அதியமான்கோட்டை ஏரிக்கரையில் கால் வைத்தாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி, இருக்கிற பறவைகளையெல்லாம் கிளப்பிவிடுகிற சனியன், அவன் காலடியிலேயே சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பெருமையாக இருந்தது. எண்பத்திரண்டு ஐப்பசியில் பழைய பைனாகுலர் ஒன்று கைக்கு வந்ததிலிருந்து, கிளுவை வாத்துகள் வந்திறங்கிய மார்கழியிலும், உள்ளான் குருவிகள் கிளம்பிப் போன பங்குனியிலும், சாயங்காலமானால் இங்கே வந்து, சாய்ந்து கிடந்த கருவேல மரத்தோடு ஒட்டி உட்கார்ந்து, கொசு கடித்தாலும் அசையாமலிருக்கப் பழகியிருந்தான்.

"வூட்ல ஒரு நாளாவது இப்புடிப் பேசாம உக்காந்திருக்கீங்களா?" என்பாள் மனைவி புஷ்பமேரி. "கொக்குக்குக் குடுக்குற மரியாதையில கால்வாசி எனக்குக் குடுங்க."

அதற்கப்புறம்தான் டீக்கடைக்காரன் அவனைத் தாண்டிப் பின்னால் நின்றவனுக்குக் கிளாசை நீட்டினான். பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஒருநாள் புஷ்பமேரி தனக்கும் மகளுக்குமாக இரண்டு தட்டு மட்டும் வைத்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த இன்னாசிராஜ் இருமினான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்ப வந்தீங்க?" என்றாள்.

மகள் ராஜமேரி சிரித்தாள். "அப்பா அப்பவே வந்துட்டாரு. உனக்குத்தாம்மா கண்ணு தெரியல."

அவளுக்காவது தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

சித்திரையில் ஏரி வற்றியது. சேற்று வாடையும் செத்த மீன் கவிச்சியும் மூக்கை அடைக்க, நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில், மடையான் ஒன்று பறந்து வந்து அவன் முழங்காலில் உட்கார்ந்தது. நகம் சதையில் இறங்கியது. விரட்டக் கையைத் தூக்கினான்.

கை வரவில்லை.

கால் வரவில்லை. கத்தினான். வாய் திறக்கவில்லை.

இருட்டி, விடிந்தது. வெயில் ஏறி இறங்கியது. எறும்புகள் காதுக்குள் போய் வந்தன. மடையான் போவதும் வருவதுமாக இருந்தது.

ஆள்காட்டி கத்தியது.

ஆள் வருகிறது. புஷ்பமேரி. கையில் கொடுவாள். பின்னால் ராஜமேரி.

"அப்பா!"

இங்கேதான். இங்கே.

புஷ்பமேரி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்வை நிற்காமல் தாண்டிப் போனது. "அரூர்ப் பக்கம் எந்தக் கொக்கைத் தேடிப் போனாரோ. வரட்டும், வெச்சுக்கறேன். நீ சுள்ளி பொறுக்கு, அடுப்புக்கு ஒண்ணுமில்ல."

ராஜமேரி கிட்டே வந்தாள். அவன் எதிரில் குந்தினாள். அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் எப்போதும் தெரியும். அவன் கைமேல் கை வைத்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது.

"அம்மா, இங்க வா. இது நல்லாக் காஞ்சிருக்குது."

மடையான் எழுந்து பறந்தது.

புஷ்பமேரி கொடுவாளை ஓங்கினாள். வெட்டும்போது ஆடாமலிருக்க, ராஜமேரி அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.