பொட்டுக்குப் பின்னால் தெரிந்த முகம்

கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினி திருத்தும் கடைக்குள், துவாயில் சுற்றிய மடிக்கணினியோடு ஒரு பெண் வந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"அக்கா, இதுக்குள்ள இருந்து ஒருத்தன் என்னையப் பாத்துக்கிட்டே இருக்கான்."

கடைக்காரி மங்களேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரி. குரல் உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. "இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். உதவியாளரான ரபீகாவோ அதற்குள் துவாயை அவிழ்த்துவிட்டாள்.

வந்தவள் பெயர் நிஷாந்தினி. ஊர் மடுல்கெல்ல. வத்தேகமயில் ஒரு டியூஷன் வகுப்புக்கு வினாத்தாள் தட்டச்சு செய்கிறாள். மூன்று வாரமாக, கணினியைத் திறந்தால் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் எழும்புகிறதாம். ரபீகா கணினியைத் திறந்து, எழும்பிய கட்டத்தை உரக்க வாசித்தாள்:

"கொழும்பிலிருந்து ஒருவர் உங்களைப் பார்க்கிறார். உங்கள் முகம் மிகத் தெளிவு."

"ஜெயராஜ்தான் அக்கா. பொண்ணு கேட்டு வந்தாங்க, நான் வேணாம்னுட்டேன். கொழும்புல போன் கடைல வேல செய்றாரு. அந்த வாரமே இது வந்துச்சு. உடுப்பு மாத்தக்கூட பயமா இருக்கு." கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அண்ணன் ரமேஸ் காலைல முத பஸ்லயே கொழும்புக்குப் போயிட்டாரு. அவன் கைய ஒடைக்காம வரமாட்டேன்னாரு. இப்ப போனும் எடுக்கல."

"மிஸ், இது ஹெக் தான்!" என்றாள் ரபீகா. "பொலிஸுக்குச் சொல்லுவோம்."

மங்களேஸ்வரி திரையின் மேல்விளிம்பைக் குனிந்து பார்த்தாள். கமராவின் மேல் ஒரு கறுப்பு ஒட்டுப்பொட்டு.

"இது எப்ப ஒட்டினது?"

"முத நாளே. ஒட்டியும் அப்படியேதான் வருது."

மங்களேஸ்வரி தலையசைத்தாள். "உங்கட போன் இன்டர்நெட்டிலதானே இது ஓடுது? எங்கட லைனுக்கு மாத்திறன்."

மாற்றியதும் சிவப்புக் கட்டம் மீண்டும் எழுந்தது. "கண்டியிலிருந்து ஒருவர் உங்களைப் பார்க்கிறார்."

நிஷாந்தினி அலறிக்கொண்டு எழுந்து சுவரோடு ஒட்டினாள். "வந்துட்டான்! இங்கயே வந்துட்டான்!" ரபீகா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். கீழே தெருவில் ஆட்டோ ஒன்று நின்ற சத்தத்துக்கே இருவரும் மூச்சை அடக்கினார்கள்.

மங்களேஸ்வரி மட்டும் நிதானமாக, இணையத்தைச் சிங்கப்பூர் வழியாகச் சுற்றிவிடும் செயலி ஒன்றை இயக்கினாள்.

"சிங்கப்பூரிலிருந்து ஒருவர் உங்களைப் பார்க்கிறார்."

"ஒரு நிமிசத்தில ஜெயராஜ் பிளேன் ஏறிட்டாரோ?" என்றாள். "ஆரும் பாக்கேல்லப் பிள்ளை. லைன் எந்த ஊரெண்டு காட்டுதோ, அந்த ஊரை இது எழுதுது. பொட்டால கமராவை மூடின பிறகும் முகம் தெளிவெண்டு சொல்லுதே, கண்ணுள்ளவன் அப்பிடிச் சொல்லுவானோ? கட்டத்துக்குக் கீழ பாருங்கோ, 'பாதுகாப்பை இப்போதே வாங்குங்கள்.' கோவக்காரன் சாமான் விக்கமாட்டான்."

"அப்ப இது எங்கால வந்த மிஸ்?" என்றாள் ரபீகா.

மங்களேஸ்வரி நிறுவிய மென்பொருள்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினாள். மூன்று வாரத்துக்கு முன், ஒரே நிமிடத்தில் மூன்று இறங்கியிருந்தன. ஒன்று வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கும் இலவச மென்பொருள். மற்ற இரண்டையும் நிஷாந்தினி கண்டதேயில்லை.

"அத மட்டுந்தான் போட்டேன். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு அமத்திக்கிட்டே போனேன்."

"அந்த 'நெக்ஸ்ட்'டுக்குள்ளதான் இதுகளையும் சேர்த்து விட்டிருக்கிறாங்கள். விளம்பரம் காட்டிப் பயப்படுத்தி விக்கிறதுதான் இதுகளின்ர வேலை."

அப்போது நிஷாந்தினியின் தொலைபேசி அடித்தது. ரமேஸ்.

"அண்ணே, அவரு மேல கை வைக்காத! அவரு இல்ல!"

மறுமுனையில் வாகன இரைச்சல். பிறகு, "ஒரு அறை விட்டுட்டேன் நிஷா. அவன் திருப்பி அடிக்கவே இல்ல."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "போனை அவருகிட்ட குடு." பிறகு, "நான் நெனச்சது தப்பு. என்னைய மன்னிச்சிருங்க" என்றாள்.

 ஜெயராஜின் குரல் மெதுவாக வந்தது:

"மூணு வாரமாவா பயந்துக்கிட்டு இருந்தீங்க?"