துணி காய ஒரு கேள்வி

"இது எத்தனை நேரம் சூடாவே இருக்கும்?" என்று கேட்டாள் செலின்.

மேட்டுப்பாளையத்து வழங்கிக் கடையில், கணக்குப் போடும் சர்வர்களை விற்கும் குணாளன் கால் மணி நேரமாக வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"மேடம், இது மின்னலி, புது மாடல். பழைய சர்வர் ஒரு நாள் பூரா முக்கி முனகிப் போடுற கணக்க, இது டீ ஆறுறதுக்குள்ள போட்டுரும்."

"போட்டுட்டு?"

"போட்டுட்டுச் சும்மா இருக்கும்."

"சும்மா இருந்தா ஆறிப் போயிரும்ல? அப்புறம் நான் எப்படித் துணி காய வைக்கிறது?"

வெறுஞ்சூட்டுத் தடைச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மின்சாரத்தை நேராகச் சூடாக்கி வீணடிக்கக் கூடாது. அது முதலில் ஒரு கணக்கைப் போட வேண்டும். கணக்குப் போடும்போது வழங்கியில் எழும் சூட்டைத்தான் அடுப்புக்கும் இஸ்திரிக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். இட்லிக் கடை, பேக்கரி, சலூன் எல்லாவற்றிலும் வழங்கிகள் குடியேறின. கணக்குகள் பெரிய ஊர்களிலிருந்து கம்பி வழியே வந்தன. எங்கோ ஒரு மருந்துக் கம்பெனி புதிய மாத்திரைக்குக் கணக்குப் போட்டால், அந்தச் சூட்டில் குன்னூரில் இட்லி வெந்தது. ஏமாற்றவும் வழியில்லை. போட்ட கணக்கையே திரும்பப் போட்டால் கணக்குமானி மோப்பம் பிடித்து மின்சாரத்தை நிறுத்திவிடும்.

செலினுக்குக் குன்னூரில் சலவை நிலையம். மலை ஆஸ்பத்திரியின் முந்நூறு படுக்கை விரிப்புகள் தினமும் அவளிடம் வந்து, வெளுத்து, காய்ந்து, மறுநாள் காலை திரும்ப வேண்டும். வருடத்தில் பாதி நாள் வெயில் எட்டிப் பார்க்காத ஊர் அது.

அவள் கடையின் மூலையைக் காட்டினாள். "அது என்னங்க?"

"அதா? எட்டு வருஷப் பழசு. எருமைக்கு இருக்கிற சுறுசுறுப்புகூட அதுக்குக் கிடையாது. மேல கை வைக்க முடியாது, அப்படிச் சுடும்."

"அதையே கட்டுங்க."

குணாளன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வியாபாரத்துக்கு ஏத்த சர்வர் எதுன்னு பதினாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். இருக்கிறதுலயே மட்டமானதைக் கேட்டு வாங்குன முதல் ஆள் நீங்கதான்."

சலவை நிலையத்துப் பெண்கள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுக்கா" என்று இஸ்திரி போடும் ஞானசுந்தரி சிரித்தாள். ஆனால் ஆமை வந்த பிறகு துணி காயாத நாளே இல்லை. மற்ற கடைகளில் வேகமான வழங்கிகள் கணக்கை முடித்துவிட்டு அடுத்த வேலைக்காகக் காத்துக் கிடக்கும்போது, ஆமை காலையில் வாங்கிய கணக்கை மாலை வரை சவைத்துக்கொண்டு கொதித்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் நைசாகப் போய்ப் பழைய வழங்கிகளை வாங்கி வந்தார்கள். செலினுக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒன்பதாம் நாள் மலைப்பாதையில் மண் சரிந்து சாலை அடைபட்டது. கூடவே கம்பியும் அறுந்தது. உள்ளூர் அணையிலிருந்து மின்சாரம் வந்தது, ஊருக்குள் போன் பேசியது, ஆனால் வெளியிலிருந்து கணக்கு வருவது நின்றுபோனது. ஆமை ஆறிப்போனது. முந்நூறு விரிப்புகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் எமிலி கூப்பிட்டாள். "செலின், நாளைக்குக் காலைல துணி வரலைன்னா பேஷண்டுகள வெறும் மெத்தையில படுக்க வைக்கணும். ஆபரேஷன் ஆனவங்க இருக்காங்க. சீழ் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"வந்துரும் சிஸ்டர்" என்றாள் செலின். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

யோசித்துப் பார்த்து வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: 'உங்கள் கேள்விகளைக் கொண்டு வாருங்கள். விடை இலவசம்.'

ஊரே குடையோடு வந்து நின்றது. அடுத்த மாதம் காரட் என்ன விலை போகும் என்று ஒருவர் கேட்டார். மகளுக்கு வந்த மூன்று வரன்களில் எது தேறும் என்று ஒரு அம்மாள் கேட்டாள். டிரைவர் ஒருவர் எந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்த கியர் போட்டால் டீசல் மிச்சம் என்று கேட்டார். இவ்வளவு கேட்டும் ஆமைக்கு வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. மனிதர்களுடைய கவலைகள் எல்லாம் இவ்வளவு சின்னக் கணக்குகளா என்று செலினுக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஞானசுந்தரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமாக்கா? எங்க காலனிக்கு மேல இருக்கிற மேடு நிக்குமா?"

தேயிலைமேட்டுக் காலனியில் நாற்பத்தொரு வீடுகள். மேட்டுக்குள் சர்க்கார் மண்செவிகளைப் புதைத்திருந்தது. மண்ணின் ஈரத்தையும் அசைவையும் நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுச் சொல்லும் கருவிகள் அவை. அவை சொல்வதைக் கணக்கிடும் நிலையமோ கோயம்புத்தூரில், அறுந்த கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. செலின் மண்செவிகளை ஆமையோடு இணைத்தாள்.

திரையில் எழுத்து வந்தது: விடைக்கு ஐந்து நாள் ஆகும்.

"அஞ்சு நாள்! கடவுள் இருக்காருடி!" என்று செலின் கைதட்டினாள். ஆமை கொதித்தது. மறுநாள் விடிவதற்குள் முந்நூறு விரிப்புகளும் மொறமொறவென்று காய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

காலையில் ஞானசுந்தரி இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றபடி துணியைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"அஞ்சு நாள்ல பதில் வரும்னு சந்தோஷப்பட்டீங்க. அஞ்சு நாள் அந்த மேடு நிக்குமாக்கா?"

செலினுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க நாற்பத்தொரு குடும்பத்தின் உயிரில் அவள் துணி காய வைத்திருக்கிறாள். தேடித் தேடி மட்டமான வழங்கியை வாங்கியவள் அவள்தான். மின்னலியை வாங்கியிருந்தால் நேற்றே பதில் வந்திருக்கும். அவள் அவமானத்தில் குன்றிப்போனாள். ஆனால் குன்றிப்போய் உட்கார நேரமில்லை. போனை எடுத்தாள்.

"அபூபக்கர் பாய், உங்க பேக்கரி சர்வர் சும்மாதானே கிடக்கு? எடுத்துக்கிட்டு வாங்க."

"கணக்கே இல்லாம அடுப்பு ஆறிக் கிடக்கு. எதுக்கும்மா?"

அவள் சொன்னாள். பத்து நிமிடத்தில் பாய் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய வழங்கியைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இட்லிக் கடை வந்தது, சலூன் வந்தது, வர்க்கிக் கடை வந்தது. மொத்தம் பதினான்கு. எல்லாம் செலினைப் பார்த்து வாங்கிய பழைய, மந்தமான வழங்கிகள். இஸ்திரி மேசைமேல் வரிசையாக வைத்து, ஆமையோடு கோத்து, ஒரே கணக்கைப் பதினைந்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கூடத்தில் அனல் அடித்தது. பாய் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "குன்னூர்ல வேர்த்து இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

மாலை நாலு மணிக்கு விடை வந்தது. மேட்டை ஒட்டிய மேல் மூன்று வரிசை வீடுகள் நிற்காது. நாளை மதியம் வரைதான் தாங்கும். கீழ் வரிசைக்கும் மண் வரும்.

செலின் போன் போட்டதும் போலீசும் வந்தது, ஆட்டோக்களும் வந்தன. அன்று இருட்டுவதற்குள் நாற்பத்தொரு குடும்பங்களும் சலவை நிலையத்துக் கூடத்துக்கு வந்துவிட்டன. ஊரிலேயே காய்ந்த, சூடான இடம் அது ஒன்றுதான். மறுநாள் பதினொன்றரைக்கு மேடு ஒரு முறை முனகிவிட்டு இறங்கியது. ஒரு ஸ்கூட்டரும் இரண்டு கோழிக்கூடுகளும் போயின. கோழிகள்கூடக் கூடத்தில்தான் இருந்தன. ஞானசுந்தரி செலினைக் கட்டிக்கொண்டு விம்மினாள், செலினும் சேர்ந்து அழுதாள்.

விடை கிடைத்ததும் வழங்கிகள் பதினைந்தும் ஆறிவிட்டன. ஆஸ்பத்திரியின் அன்றைய விரிப்புகள் சொட்டின. காலனிக்காரர்களின் துணிகளும் சொட்டின. பேக்கரியில் ரொட்டி இல்லை, இட்லிக் கடையில் இட்லி இல்லை. உயிர் பிழைத்தவர்கள் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாராவது இன்னொரு நல்ல கேள்வி கேளுங்கப்பா" என்றார் பாய்.

ஞானசுந்தரி எழுந்தாள். "வேற என்ன கேக்க இருக்கு பாய்? இனிமே நாங்க எங்க வீடு கட்டுனா நிக்கும்?"

செலின் அதைத் தட்டச்சு செய்தாள். மலை முழுவதும் புதைந்திருக்கும் மண்செவிகளை எல்லாம் ஆமை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போயிற்று. அப்புறம் திரையில் எழுத்து வந்தது: பதினைந்தும் சேர்ந்தால் பத்தொன்பது நாள்.

"பத்தொன்பது நாள் ஊருக்கு ரொட்டி உண்டு" என்ற பாய், ஞானசுந்தரியின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"பத்தொன்பது நாள் எங்களுக்கு வீடு இல்ல" என்றாள் அவள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல பாய். ரொட்டியாவது சூடா குடுங்க."

ஊர்க்கம்பி அறுபடாமல் இருந்ததால் கேள்வியை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு, அவரவர் வழங்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். மறுநாள் காலை குன்னூரில் வெந்த இட்லி ஒவ்வொன்றும் தேயிலைமேட்டுக் காலனிக்கு மனை தேடியது.

எமிலி கூப்பிட்டாள். "கம்பி இன்னும் சரியாகலையாமே செலின். இன்னைக்குத் துணி காயுமா?"

"காயும் சிஸ்டர். பெரிய கேள்வியா கிடைச்சிருக்கு."

போனை வைத்துவிட்டு ஆமையின் மேல் கை வைத்தாள். இதமாகச் சூடு ஏறிக்கொண்டிருந்தது. கொடியில் விரிப்புகள் ஆவி விடத் தொடங்கின. சுவரோரம் காலனிக் குழந்தைகள் சாக்குமேல் சுருண்டு படுத்திருந்தார்கள். செலின் அவர்களைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பத்தொன்பது என்பது இன்னும் பத்தொன்பதாகவே இருந்தது.

"கொஞ்சம் சீக்கிரமா போடேன்" என்று ஆமையிடம் கெஞ்சினாள்.